இரண்டு கொம்பு வெள்ளைப் பெட்டி

காரைக்கால் வீடுகளில் சாமி படத்துக்கோ டிவிக்கோ பக்கத்தில் இரண்டு கொம்போடு ஒரு வெள்ளைப் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். டிபி-லிங்க் 841என் போன்ற மலிவு வைஃபை ரூட்டர். அட்டையில் 300 எம்பிபிஎஸ் என்று பெருமையாகப் போட்டிருக்கும். பின்னால் கம்பி செருகும் துளையோ 100க்கு மேல் விடாது. வியாபாரப் பேச்சு, மன்னிக்கலாம்.

எனக்கு இதைப் பிடிப்பதே அதன் பழைய அலைவரிசைக்காகத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அதற்குத் தெரியும். அலைநீளம் சுமார் 12 செ.மீ. தடித்த செங்கல் சுவர் வைத்த பழைய வீட்டில், கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை ஓரளவு எட்டுவது அதுதான். விலையுயர்ந்த பெட்டிகளின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரிடம் சீக்கிரம் தோற்றுவிடும். 2.4-ஐ வீட்டு வைஃபைக்கு உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் திறந்துவிட்டது. அதனால் நெரிசலும் உண்டு: ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, அடுத்த வீட்டு ரூட்டர் எல்லாம் அங்கேதான். சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்க்கலாம்.

உப்புக்காற்றில் பிளக்கின் முனை துருப்பிடிக்கும். கரன்ட் போனால் சின்ன பேட்டரிப் பெட்டியே தாங்கும். கேட்பது 9 வோல்ட்தான்.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அதனால் பேரப்பிள்ளைகள் பாரிஸில் இருக்கும் வீடுகள் உண்டு. வீடியோ காலில் பாட்டி போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கே போய்விடுவார். படம் உறைந்தால் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவார். பெரும்பாலும் அதுவே போதும்.