எரிபொருள் மாறும்போது கார்புரேட்டர்

பழைய காருக்குக் கார்புரேட்டரா, மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனா என்ற கேள்விக்குக் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் விடை எளிது. 1967இல் வந்த டிரையம்ப் டிஆர்5இன் 2.5 லிட்டர் எஞ்சின், லூகாஸ் இன்ஜெக்‌ஷனோடு 150 குதிரைத்திறன் தரும் என்றார்கள். அதே எஞ்சின் இரண்டு கார்புரேட்டர்களோடு அமெரிக்காவுக்குப் போனபோது 110ஐ ஒட்டியே நின்றது. கேம்ஷாஃப்ட்டும் மாறியிருந்ததால் வித்தியாசம் முழுவதையும் இன்ஜெக்‌ஷன் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் திறனில் இன்ஜெக்‌ஷன் மேலானதுதான். இலங்கையிலும் இந்தியாவிலும் பழைய கார்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் வேறொரு கேள்வியே முந்தி நிற்கிறது. டேங்கில் ஊற்றுவது மாறிவிட்டால், கலவையை எதைக் கொண்டு திருத்துவது?

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெட்ரோல் அரிதாகிப்போன யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்கள் என்பதும் கைகொடுத்தது. மைனரின் எஸ்யூ கார்புரேட்டரில் இருப்பது ஒரு ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஓர் ஊசி. அடியிலுள்ள நட்டைத் திருகினால் கலவை மாறிவிடும். மிதவை அறையில் படிந்த கசடைப் பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். லூகாஸ் இன்ஜெக்‌ஷனிலோ மயிரிழை இடைவெளியில் நகரும் ஷட்டில்தான் எரிபொருளை அளக்கிறது. தூசியும் தண்ணீரும் அதற்கு எமன். அதன் மின்பம்ப் சூடேறிப் படுத்துவிடுவது குளிர்நாடான இங்கிலாந்திலேயே பேர்போன கோளாறு.

இந்தியாவில் எரிபொருளை மாற்றியது தட்டுப்பாடு அல்ல, அரசின் கொள்கை. மும்பையில் 1964 முதல் பல பத்தாண்டுகள் உருவான பத்மினி காருக்குச் சோலெக்ஸ் கார்புரேட்டர் உள்நாட்டிலேயே தயாரானது. அதனால் இங்கே கடையில் வாங்கி மாற்றிப்போடும் பழக்கம் வேரூன்றியது. இலங்கையில் இருப்பதையே சீர்செய்து ஓட்டும் பழக்கம். அரசின் கொள்கைப்படி இப்போது இந்தியப் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஆக, பழைய ஜெட்டில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். சோலெக்ஸில் சற்றே பெரிய மெயின் ஜெட் போட்டால் தீர்ந்தது. சென்சார் இல்லாத மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனுக்கு இந்த மாற்றம் தானாகத் தெரியாது. எல்லா வேகத்துக்கும் சரிசெய்ய அளவுக் கருவியைக் கழற்றிச் சோதனை பெஞ்சில் ஏற்ற வேண்டும்.

எத்தனால் கார்புரேட்டர் வண்டியின் ரப்பரையும் அரிக்குமே என்பார்கள். உண்மை, ஆனால் ஹோஸும் பம்பின் டயாஃப்ரமும் சொற்ப விலைக்கு மாற்றக்கூடியவை. அசல் கெடக்கூடாது என்ற வாதம் இதைவிடக் கனமானது. 1963இன் மெர்சிடிஸ் 230 எஸ்எல் பாஷ் இன்ஜெக்‌ஷனோடு பிறந்த கார்; அதைப் பிடுங்கிவிட்டுக் கார்புரேட்டர் வைப்பது அந்தக் காருக்குச் செய்யும் அநியாயம். அதன் ஆறு பிளஞ்சர் பம்ப் டீசல் பம்பின் வழிவந்தது என்பதால், டீசல் பம்ப் மெக்கானிக்குகள் நிறைந்த இவ்விரு நாடுகளிலும் அதற்கு ஓரளவு வைத்தியம் உண்டு. ஆனால் பெஜோ 404 போல இரு விதமாகவும் வந்த காரை வாங்கப் போகிறவர், ஓட்டுவதற்கென்றே வாங்குகிறார் என்றால், கார்புரேட்டர் வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.