மீசையோடு வரும் மாதங்கி

‘புஷ்பா 2’ பார்த்த சூட்டோடு திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குப் போகிறவர்கள் முதல் நாளே கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். 2024 டிசம்பரில் வந்த அந்தப் படத்தில் அல்லு அர்ஜுன் நீல முகம், சேலை, எலுமிச்சை மாலை என்று திரை முழுக்க நிறைந்திருந்தார். திருப்பதியில், மே மாத வெயிலில், தாத்தய்யகுண்டா கோயிலுக்குப் போகும் தெருவில் எதிரே வருபவரோ தொப்பையும் மீசையுமாக, மனைவியின் சேலையைக் கட்டிக்கொண்ட ஒரு சாதாரண ஆள். கையில் வேப்பிலை. பக்கத்தில் ஐஸ் கேட்டு அழும் மகன்.

ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கதை. ஊரை ஆண்ட பாளேகாடு (நம் பாளையக்காரன்தான்) மணமாகி வரும் பெண்களையெல்லாம் முதலில் தன்னிடம் அனுப்பச் சொன்னவன். அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மா தலை உலர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளையும் கேட்டான். கல்யாணப் பந்தலில் அவள் அம்மனாகத் தன் உண்மை உருவைக் காட்டினாள். மாப்பிள்ளை ஓடி ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் கிளம்பினாள். இந்தத் துரத்தலைச் சினிமாவின் துரத்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படக்குழு ஒன்று கப்பலேறிக் காட்டுத் தீவுக்குப் போய் ராட்சத மிருகத்திடம் மாட்டிக்கொள்ளும் கதை சினிமாவுக்குப் பழசு. 1933-இல் வந்த ‘கிங் காங்’ அதுதான். அங்கே மிருகம் துரத்தும், மனிதர்கள் ஓடுவார்கள். இங்கே ஓடுகிறவன் அரக்கன். துரத்துகிறவள் நாளுக்கொரு வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறாள். காங்கின் பிரம்மாண்டத்துக்குப் பின்னால் பதினெட்டு அங்குல உயரப் பொம்மையும், அதை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்த வில்லிஸ் ஓபிரையனின் பொறுமையும் இருந்தன. கங்கம்மாவுக்கு நாமக்கட்டி, குங்குமம், அடுப்புக்கரி இவை போதும்.

இந்த மூன்றும்தான் முதல் மூன்று வேஷங்களின் நிறம். பைராகிக்கு வெள்ளை, பண்ட வேஷத்துக்குச் சிவப்பு, தோட்டிக்குக் கறுப்பு. பண்ட வேஷத்தன்று குழந்தைகளோடு போகிறவர்கள் காதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சிவப்புப் பூசிய பையன்கள் கெட்ட வார்த்தையைக் கூச்சமே இல்லாமல் கத்துவார்கள். அந்த ஒரு நாள் அது வசை அல்ல, வழிபாடு. எனக்கும் முதல் தடவை முகம் சுளிக்கத்தான் தோன்றியது. பக்கத்தில் நின்ற பாட்டி சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு நானும் விட்டுவிட்டேன்.

முக்கிய வேஷங்களைக் கட்டும் உரிமை கைகால குடும்பத்து ஆண்களுடையது. தமிழ்நாட்டுக் கைக்கோளர் என்ற பெயர் காதில் ஒலிக்கிறதல்லவா? கோயில் வாசல் நெரிசலில் சிக்கிக்கொள்வதைவிட இவர்கள் வீடு வீடாக வரும் தெருவில் ஏதாவது ஒரு திண்ணையோரம் நின்றுகொள்ளுங்கள். வேஷக்காரரை விட்டுவிட்டு, கதவைத் திறக்கும் பெண்ணைக் கவனியுங்கள். குடத்து மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றுகிறாள், கற்பூரம் காட்டுகிறாள், குழந்தையின் தலையைக் காலடியில் வைத்து எடுக்கிறாள். நேற்றுவரை “ஏம்மா, சௌக்கியமா” என்று பேசிப்போன ஆள்தான் அவர் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கை நடுங்குகிறது. கேமரா எவ்வளவு கிட்டே போனாலும் பிடிக்க முடியாத காட்சி இது.

நான்காவது வேஷம் துரை. பைராகிக்கும் தோட்டிக்கும் வெளியே வராத பாளேகாடு, பெரிய துரை வந்திருக்கிறார் என்றதும் கும்பிடு போட வெளியே வருகிறான். தலை போகிறது. உயிர் பயத்தைவிட அதிகாரத்துக்குக் குனியும் பழக்கம் பெரிது என்று கண்டுபிடித்த அந்தப் பெயர் தெரியாத கதைசொல்லியை நினைத்து நினைத்து ரசிப்பேன். அதன் பிறகுதான் சேலை கட்டிய மாதங்கி வேஷம் வருகிறது.

இப்போது படத்தை மறுபடி பாருங்கள். ஜாத்திரைக் கூட்டத்தில் வீட்டுப் பெண்ணிடம் வம்பு செய்கிறான் ஒருவன். சேலை கட்டிய புஷ்பா அவனைப் புரட்டி எடுக்கிறான். முதல் தடவை அது வெறும் சண்டையாகத் தெரிந்திருக்கும். பாளேகாடு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது இப்போது பிடிபடும். இயக்குநர் சுகுமார் ஊர்க் கதையின் நரம்பைச் சரியாகவே தொட்டிருக்கிறார். தாடியையும் எடுக்கவில்லை, அதுவும் சரி, தெருவிலும் பலர் மீசையோடுதான் சேலை கட்டுகிறார்கள். எனக்கு ஒரே குறை, ஏழு நாள் மெல்ல ஏறும் உக்கிரத்தைப் படம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. தேடலே இல்லை. ஊரில் தலை விழுவது துரையின் கையில். படமோ அந்த அடியை மாதங்கிக் கோலத்திலேயே கொடுத்துவிடுகிறது.

ஏழு நாளும் தங்க முடியாதவர்கள் துரை வேஷத்துக்கும் கடைசி நாளுக்குமாவது போங்கள். கடைசி நாளில் மூங்கில் சப்பரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆண்கள் வருவார்கள். பெண்கள் பொங்கல் வைப்பார்கள். கேழ்வரகு அம்பலி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம் ஆடிக் கூழுக்கு அக்கா முறை. சித்தூரில் நடுவீதி கங்கம்மாவுக்கும் மே மாதத்தில்தான் ஜாத்திரை.

திருப்பதியில் கடைசி நாள் இரவு கோயில் முன்னால் களிமண்ணில் அம்மனின் பெரிய முகம் எழும்பும். விடியும் முன்பே, பேரண்டாலு வேஷத்தில் வருபவர் அதன் கன்னத்தை அறுத்தெடுப்பார். அடுத்த நொடி கூட்டம் அந்த மண்ணுக்குப் பாயும். செருப்பைத் தொலைத்துவிட்டு ஒரு சிட்டிகை வாங்கினேன். வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டை முடிச்சைப் பார்த்துவிட்டு, “கங்கம்மா மண்ணா? எனக்கும் கொஞ்சம் குடுங்க தம்பி” என்று கையை நீட்டினார்.