பெட்டி யார் பேச்சைக் கேட்கும்? ‘ஜீரோ டச்’ வியாபாரம் பற்றி ஒரு விமர்சனம்

போன சீசனுக்கு முன்னால், ரமணாசிரமம் பக்கத்துத் தெருவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். டிசம்பர் வந்தால் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். அதில் பாதிப் பேர் லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள். வைஃபை சரியில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அதனால் பெங்களூரில் மூடிய ஒரு ஆபீஸிலிருந்து ஆறு ஆக்சஸ் பாயிண்ட்களை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். நல்ல மாடல், ஒரு கீறல் கூட இல்லை.

மாட்டினோம். விளக்கு எரிந்தது. ஆறும் இண்டர்நெட்டைப் பிடித்து, தயாரித்த கம்பெனியின் கிளவுடைக் கூப்பிட்டு, ‘என் முதலாளி யார்?’ என்று கேட்டன. அங்கே அவற்றின் சீரியல் நம்பர்கள் இன்னும் அந்தப் பழைய ஆபீஸ் கணக்கிலேயே இருந்தன. அவர்கள் விடுவித்தால்தான் நாம் சேர்க்க முடியும். ஆபீஸே இல்லை, யார் விடுவிப்பது? ரீசெட் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பெட்டி அதே இடத்தில் போய்த்தான் நின்றது.

“காசு குடுத்தது நானு. பில்லும் எங்கிட்ட இருக்கு. அப்புறம் எப்படிப்பா இன்னொருத்தன் ஓனரு?” என்றார் அண்ணன். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததுதான் இந்தக் குறிப்பு.

இந்த வசதிக்குப் பெயர் ஜீரோ டச் புரொவிஷனிங். முன்பெல்லாம் ஒரு ஸ்விட்சோ ரவுட்டரோ வந்தால், இன்ஜினியர் ஒருவர் கன்சோல் கேபிளைச் செருகி, கட்டளைகளை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். பத்துப் பெட்டி என்றால் சமாளிக்கலாம், பத்தாயிரம் என்றால் முடியாது. அதனால், கரண்ட் கொடுத்ததும் பெட்டியே முகவரி வாங்கி, செர்வரைத் தேடி, தனக்கான சாஃப்ட்வேரையும் கன்ஃபிகரேஷனையும் இறக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். நல்ல யோசனைதான், அதில் சந்தேகமில்லை.

சிக்கல் ‘செர்வரைத் தேடி’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. எந்த செர்வர்? முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி செய்தியிலேயே இதற்கான குறிப்பையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். ஆனால் அரிஸ்டா பெட்டி அதை 67ஆம் ஆப்ஷனில் எதிர்பார்க்கும். ஜூனிப்பர் 43ஆம் ஆப்ஷனுக்குள் தன் சொந்த உட்பிரிவுகளைப் பார்க்கும். சிஸ்கோவின் பிளக் அண்ட் பிளேயும் 43தான், ஆனால் உள்ளே எழுதும் விதமே வேறு. க்யூமுலஸ் லினக்ஸுக்கு 239. குறிப்பு எதுவும் கிடைக்காவிட்டால் சிஸ்கோ பெட்டி நேராக சிஸ்கோவின் செர்வரையே கூப்பிடும். எல்லோரும் செய்வது ஒரே வேலை. ஆனால் ஒரு கம்பெனிக்கு எழுதிய ஏற்பாடு இன்னொன்றுக்கு அப்படியே ஓடாது. இது வெறும் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. முதல் பூட்டிலேயே வாடிக்கையாளரைத் தன் வட்டத்துக்குள் இழுப்பவருக்கு, அடுத்த பத்து வருட லைசென்ஸ் வருமானமும் வரும்.

பொதுத்தரம் வரவில்லையா? வந்தது. 2019இல் ஆர்எஃப்சி 8572, பாதுகாப்பான ஜீரோ டச் முறையை வரையறுத்தது. 143 என்று பொதுவான ஆப்ஷன் எண்ணும் கிடைத்தது. பழைய முறையில் அதே நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும் எவனும் பொய்யான செர்வர் முகவரியைக் கொடுத்துவிடலாம். அந்த ஓட்டையை இது அடைத்தது. இதில் பெட்டி, ‘உன் முதலாளி இவர்தான்’ என்று கையெழுத்திட்ட ஒரு வவுச்சரைக் கேட்கும். நம் ஊரில் ‘நான் யார்?’ என்று கேட்கச் சொன்னார் ரமணர். இந்தப் பெட்டி ‘நான் யாருடையவன்?’ என்று கேட்கிறது. பதிலில் கையெழுத்துப் போடுவது தயாரிப்பாளர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர்.

அதாவது, மொழி பொதுவாகிவிட்டது, சாவி மட்டும் இடம் மாறவில்லை. 2021இல் வந்த ஆர்எஃப்சி 8995 இதே வவுச்சர் வழியில் போகிறது. செகண்ட் ஹேண்ட் சாதனம், மறுவிற்பனை, உற்பத்தியாளரின் கட்டுப்பாடு பற்றியெல்லாம் அது தனித்தனிப் பகுதிகளே எழுதியிருக்கிறது. எழுதியவர்களுக்கு அண்ணனின் கேள்வி முன்பே தெரிந்திருக்கிறது! திருட்டைத் தடுக்கும் அதே பூட்டு, நியாயமாக வாங்கியவரையும் வெளியே நிறுத்தும்.

சரி, போட்டி இதைச் சரிசெய்யாதா? முயற்சி நடந்தது. எந்தக் கம்பெனி சாஃப்ட்வேரையும் ஸ்விட்சில் ஏற்ற உதவும் ஓனி என்ற திறந்த ஏற்பாட்டை, க்யூமுலஸ் 2013இல் ஓபன் கம்ப்யூட் திட்டத்துக்குக் கொடுத்தது. 2020இல் க்யூமுலஸை என்விடியா வாங்கியது. பிந்தைய க்யூமுலஸ் பதிப்புகள் என்விடியாவின் சொந்த ஸ்பெக்ட்ரம் சிப்பில் மட்டுமே ஓடுகின்றன. அதற்கு முன்பே, கிளவுடிலிருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மெராக்கியை 2012இல் சிஸ்கோ 120 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. 2019இல் மிஸ்ட்டை ஜூனிப்பர் வாங்கியது. அந்த ஜூனிப்பரை 2025 ஜூலையில் ஹெச்பிஇ சுமார் 1,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இதைத் தடுக்க அமெரிக்க நீதித்துறை 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. இணைப்பு நடந்தால் அங்கே நிறுவனங்களுக்கான வைஃபை சந்தையில் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டே கம்பெனிகள் கையில் போகும் என்பது அதன் வாதம். கடைசியில் ஹெச்பிஇ தன் ‘இன்ஸ்டன்ட் ஆன்’ பிரிவை விற்க வேண்டும், மிஸ்ட்டின் ஏஐ சாஃப்ட்வேர் மூலநிரலுக்கு மற்றவர்களுக்கு உரிமம் தர வேண்டும் என்று சமரசம் ஆனது. வழக்கின் நடுவே நின்றது வயரோ ஆன்டெனாவோ அல்ல, பெட்டிகளைத் தூரத்திலிருந்து ஆளும் சாஃப்ட்வேர் என்பதைக் கவனியுங்கள்.

இது ஏதோ அமெரிக்கா விஷயம் என்று விட்டுவிட முடியாது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணைப்பு தருவது டான்ஃபிநெட்டின் பொறுப்பு. நம் மாவட்டத்தில் மட்டும் 860 ஊராட்சிகள். ஜவ்வாது மலை மேலே இருக்கும் ஊராட்சிக்கெல்லாம் கன்சோல் கேபிளோடு ஒவ்வொரு தடவையும் ஆள் போக முடியாது. இங்கே ஆட்டோமேஷன் சொகுசு இல்லை, தேவை. சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்பிலான அந்த டெண்டரின் நிபந்தனைகள் உள்நாட்டு நிறுவனங்களைத் தடுப்பதாகப் புகார் எழுந்து, 2020 ஜூனில் மத்திய அரசு தலையிட்டு, மறுபடி டெண்டர் விட வேண்டியதாயிற்று. போட்டிக்கான அந்தச் சண்டை தேவையானதுதான். ஆனால் அது, யார் விற்கலாம் என்பதைப் பற்றியது. விற்ற பிறகு பெட்டி யார் பேச்சைக் கேட்கும் என்பதும் போட்டியைப் பற்றிய கேள்விதான். முதல் நாள் நாலு பேர் போட்டி போட்டு விலை குறைந்தாலும், மாட்டிய பின் ஒரே ஆள் கையில் சாவி இருந்தால் அந்தக் குறைந்த விலை ரொம்ப நாள் நிற்காது.

தயாரிப்பாளர் கையில் எந்தப் பொறுப்பும் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வழியில் மாற்றப்பட்ட பெட்டியை வேறு யார் கண்டுபிடிப்பார்? ஆனால் வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்கலாம். கம்பெனியின் கிளவுட் இல்லாமல் என் செர்வரிலிருந்தே இதை எழுப்ப முடியுமா? பில்லைக் காட்டினால் எத்தனை நாளில் உரிமையை மாற்றித் தருவீர்கள்? கம்பெனியே விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ சாவி யாரிடம் போகும்? கெஸ்ட் ஹவுஸ் ஓனரும் கேட்கலாம், அரசாங்கமும் டெண்டரில் எழுதலாம்.

அண்ணனுக்குக் கடைசியில் வேறு ஆக்சஸ் பாயிண்ட் நாலு வாங்கிக் கொடுத்தேன். உள்ளூர் செர்வரிலேயே நிர்வகிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் கையால் செட் பண்ண வேண்டியிருந்தது. அரை நாள் ஆனது. பழைய ஆறும் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.