முடிச்சில் இருக்கிறது பிரேக்

முகையூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காத்தாடி என்றால் ஈர்க்குச்சி, பழைய பேப்பர், துணி வால், ஒற்றை நூல். சூத்திரம் சரியாக விழுந்தால் ஏறும்; இல்லையென்றால் குட்டிக்கரணம் போட்டுத் தரையில் குத்தும். நாலு நூல் காத்தாடிக்கும் அடிப்படைக் கணக்கு அதுதான். காற்றுக்கு எந்தச் சாய்வில் முகம் காட்டுவது என்பதே கேள்வி. நாலு நூலில் சூத்திரம் கம்பெனியிலேயே கட்டி வந்துவிடுகிறது. சாய்வை மாற்றும் வேலை நம் கைப்பிடிக்கு வந்து சேர்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்.

1980களின் கடைசியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஹாட்ஸிக்கி சகோதரர்கள் ‘ரெவல்யூஷன்’ என்ற பெயரில் கொண்டுவந்த வடிவம் இது. இன்று விற்கும் நாலு நூல் காத்தாடிகள் பலவும் அதன் வழியில் வந்தவை. இறக்கையின் அகலம் ஏறக்குறைய 8 அடி. மேலே குறுக்காக ஒரு கார்பன் குழாய், கீழ்நோக்கி இரண்டு. வால் கிடையாது. இரண்டு கைக்கும் ஒவ்வொரு கைப்பிடி; ஒவ்வொன்றின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு நூல். மேல் நூலை இழுத்தால் காத்தாடி முன்னேறும். கீழ் நூலை இழுத்தால் பிரேக். இன்னும் இழுத்தால் பின்னால் வரும். பழகிவிட்டால் நடுவானில் அசையாமல் நிறுத்தலாம், தலைகீழாகவும் நிறுத்தலாம். கையில் பிடித்துப் பார்த்தால்தான் இந்தச் சுகம் தெரியும்.

நான் பழகியது ஆரம்பநிலை செட் ஒன்றில். துணியும் குழாயும் நன்றாகவே இருந்தன. குறை நூலில்தான். நாலும் ஒரே நீளம் என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். விரித்து இழுத்துப் பார்த்தால் ஒன்று கட்டைவிரல் அகலத்துக்கு நீண்டு தொங்கியது. இந்தச் சின்ன வித்தியாசம் போதும், காத்தாடி ஒரு பக்கமாகவே சுற்றும். ஓட்டுகிறவர் தன் கையில் கோளாறு என்று நினைத்து மனம் விட்டுவிடுவார்.

அதனால் முதல் வேலை நூலைச் சமப்படுத்துவது. தரையில் ஓர் இரும்பு முளை அடியுங்கள். நாலு நூலின் கண்ணியையும் அதில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்துப் பிடித்து நன்றாக இழுங்கள். புது நூலில் முடிச்சுகள் இறுகும், பின்னலும் கொஞ்சம் நீளும். ஆகவே இழுத்து முடித்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். எது தொய்கிறதோ அதன் முனைக் கண்ணியை அவிழ்த்து, முடிச்சைச் சற்று உள்ளே தள்ளிப் போடுங்கள். நூல் முனையை மூடியிருக்கும் உறையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால் இந்த மெல்லிய நூல் தன் முடிச்சிலேயே அறுந்துபோகும். சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. நீளத்தைப் பொறுத்தவரை தொடக்கத்துக்கு 80 அடி போதும். 120 அடியில் வானம் பெரிதாகக் கிடைக்கும், ஆனால் கையசைவு காத்தாடிக்குப் போய்ச்சேரத் தாமதமாகும்.

அடுத்தது லீடர். கைப்பிடி முனையிலிருந்து தொங்கும் தடித்த கயிற்றுத் துண்டைத்தான் லீடர் என்கிறார்கள். நூலின் கண்ணியைச் சுருக்காக்கி அதன் முடிச்சுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். என் செட்டில் மேல் லீடர் குட்டையாக இருந்தது, முடிச்சும் ஒன்றே ஒன்று. விளைவு, காத்தாடி விருட்டென்று ஏறித் தலைக்கு மேலே போய்த் தொய்ந்து விழும். கீழ் நூலை எவ்வளவு இழுத்தாலும் பின்னால் வராது. அந்த லீடரைக் கழற்றிவிட்டு, ஒரு சாண் நீளக் கயிற்றில் விரற்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுக் கட்டினேன். மேல் நூலை வெளி முடிச்சுக்குத் தள்ளத் தள்ள, அதற்கேற்பக் கீழ் நூல் இறுகும், பிரேக் கூடும். ஒரு முடிச்சு தள்ளியதுமே ஓட்டம் நிதானப்பட்டது. இன்னொன்று தள்ளியதும் தலைகீழாக நின்றது!

எந்த முடிச்சு சரி என்பதைக் காத்தாடியே சொல்லும். தரையைவிட்டு எழும்பவே மறுத்தால் பிரேக் அதிகம். உள் முடிச்சுக்கு வாருங்கள். நிற்காமல் பாய்ந்தால் வெளி முடிச்சுக்குப் போங்கள். ஒரு தடவைக்கு ஒரு முடிச்சு, இரண்டு கையிலும் ஒரே முடிச்சு. கீழ் லீடரைத் தொட வேண்டாம். காற்று மந்தமென்றால் ஒரு முடிச்சு உள்ளே, பலமென்றால் ஒரு முடிச்சு வெளியே.

ஆடிக் காற்று பலமானதுதான், ஆனால் ஒரே சீராக வராது. பனைவரிசையையும் கரும்புக் கொல்லையையும் தாண்டி வருகிற காற்று முட்டி முட்டி வீசும். அறுவடை முடிந்த வயலில் நின்றாலும் மரங்களைவிட்டு வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும். அரகண்டநல்லூர்ப் பக்கம் தென்பெண்ணை வறண்டு கிடக்கும்போது அந்த மணல்வெளி பரவாயில்லை. கற்றுக்கொள்ளச் சிறந்த இடம் மரக்காணம் கடற்கரை. கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றுக்குத் தடையே இல்லை. முடிச்சு மாற்றியதன் பலன் அங்கே துல்லியமாகத் தெரிகிறது.

“அண்ணே, இதுக்கு மாஞ்சா தடவலையா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். தடவவே கூடாது. நைலான் மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடைசெய்தது. கழுத்தறுந்து செத்தவர்கள் உண்டு. இந்தக் காத்தாடிக்குப் போடும் டைனீமா என்ற பின்னல் நூலில் கண்ணாடித்தூள் இல்லை என்றாலும், இறுகி நிற்கையில் அதுவும் தோலைக் கிழிக்கும். காற்று வீசும் திசையில் ஆளோ மாடோ நடக்காத வெளி வேண்டும். மின்கம்பி தெரிகிற இடத்தில் காத்தாடியைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். தூண்டில் நரம்பை மாற்றாகப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். நரம்பு ரப்பர் மாதிரி நீளும், பிரேக் பிடிக்காது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் பொறுமையுள்ள பெரியவரும் சேர்ந்து பழக இதைத் தாராளமாக வாங்கலாம். தனியாக விளையாடச் சின்னப் பிள்ளை கையில் கொடுப்பதற்கானது இல்லை. வாங்கும்போது துணியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் மேல் லீடரைப் பாருங்கள். அதில் ஒரே ஒரு முடிச்சுதான் என்றால், கையோடு ஒரு முழம் பின்னல் கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள்.