மலிந்ததால் மறைந்தவை

விலைப்பட்டியல்களில் ‘பொதுவானது’ என்று குறிக்கப்பட்ட காசைச் சேகரிப்பாளர் தேடுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதை ஒதுக்கிவிட்டு, அரிதானது என்று பெயர்பெற்ற ஒன்றிரண்டின் பின்னால் அவர் பல ஆண்டுகளைச் செலவிடுகிறார். இதனால், கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு நாடெங்கும் கைமாறித் திரிந்த காசு ஒன்று, நாணயவியலில் நன்கு தேர்ந்தவரின் கண்ணிலும் ஒருமுறைகூடப் படாமல் போகும் விந்தை நேர்கிறது. இந்தியக் குடியரசின் பைசா நாணயங்கள், அவற்றுள்ளும் குறிப்பாக அலுமினியச் சில்லறை, இவ்வாறு மலிந்தும் மறைந்தும் போனவற்றுக்குச் சிறந்த சான்று.

1957 ஏப்ரல் 1 அன்று அணா முறை விலக்கப்பட்டு, ரூபாய் நூறு பங்காகப் பிரிக்கப்பட்டபோது, பழைய பைசாவோடு குழம்பாதிருக்கும் பொருட்டு அந்தப் பங்குக்கு ‘நயா பைசா’ என்று பெயரிடப்பட்டது. 1964 ஜூன் முதல் ‘நயா’ என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. அந்த வரிசையை வகுத்தவர்களின் திறத்தை அறிய அதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கையில் ஏந்தி எடைபோடவும் வேண்டும். நிக்கலில் அடிக்கப்பட்ட 25, 50 நயா பைசாக்களும் ஒரு ரூபாயும் முறையே 2.5, 5, 10 கிராம் எடையுடையவை. அதாவது, மதிப்பு இரட்டிக்கும்போதெல்லாம் எடையும் இரட்டித்தது. ஆகவே, எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் ஒரு பை நிறைய நிக்கல் காசை எண்ணாமலே நிறுத்து அதன் தொகையைச் சொல்லிவிடலாம். பின்னர் வந்த அலுமினியக் காசுகளில் இந்த ஒழுங்கு இன்னும் நுட்பமானது: ஒரு பைசா 0.75 கிராம், இரண்டு பைசா 1 கிராம், மூன்று பைசா 1.25 கிராம், ஐந்து பைசா 1.5 கிராம் எனக் கால் கிராம் படிகளாக அது ஏறியது. வடிவங்களும் அவ்வாறே, ஒன்றுக்கும் ஐந்துக்கும் சதுரம், இரண்டுக்கும் பத்துக்கும் நெளிந்த விளிம்பு, மூன்றுக்கு அறுகோணம் என, இருட்டிலும் விரல் நுனி அடையாளம் காணும்படி பிரிக்கப்பட்டிருந்தன. சதுர இரண்டணாவிலும் நெளிவிளிம்பு ஓரணாவிலும் மக்களின் கை ஏற்கெனவே பழகியிருந்த வடிவங்களே இவ்வாறு புதிய கணக்குக்கு மாற்றப்பட்டன என்பதையும் கருதினால், மலிவான உலோகத்தில் இத்தனை சிந்தனை செலவிடப்பட்டதை வியக்காமல் இருக்க இயலாது. பிற்கால எஃகு நாணயங்கள் இந்த நயத்தை முற்றிலும் இழந்தவை. ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் பிரித்தறியப் பேருந்து நடத்துநர்களும் தடுமாறிய காலம் அவற்றால் வந்ததே.

அலுமினியத்துக்கு மாறியது அழகு கருதியன்று. அறுபதுகளின் விலையேற்றத்தில் வெண்கலமும் செம்பு-நிக்கல் கலவையும் சிறு காசுகளுக்குக் கட்டுப்படியாகாமல் போனதால், 1964இல் அறுகோண மூன்று பைசாவோடு தொடங்கிச் சில்லறை படிப்படியாக அலுமினியத்துக்கு மாற்றப்பட்டது. பத்தாண்டு கடந்ததும் அந்த உலோகமும் கட்டுப்படியாகாததாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று பைசாக்களை அடிப்பது எழுபதுகளில் மெல்லக் கைவிடப்பட்டது.

இந்தக் காசுகளைக் கண்டவர் கோடி. அவற்றின் அக்கசாலைக் குறியைக் கண்டவர் மிகச் சிலர். அக்கசாலைக் குறி என்பது, ஒரு நாணயம் எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதை உணர்த்த ஆண்டெண்ணுக்குக் கீழே பொறிக்கப்படும் சிறு அடையாளம். மும்பைக்குச் சாய்சதுரம், கொல்கத்தாவுக்குக் குறி எதுவும் இல்லை, அந்த வெற்றிடமே அதன் அடையாளம், ஐதராபாத்துக்குத் தொடக்கத்தில் பிளந்த சாய்சதுரமும், பின்பு நடுவில் புள்ளியிட்ட சாய்சதுரமும், அறுபதுகளின் இறுதியிலிருந்து நட்சத்திரமும், எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய நொய்டாவுக்கு ஒரு புள்ளி. கடுகளவினும் சிறிய இக்குறிகள் தேய்ந்த அலுமினியத்தில் பூதக்கண்ணாடிக்கும் எளிதில் அகப்படுவதில்லை. ஒரே ஆண்டின் ஒரே பத்துப் பைசா மூன்று நகரங்களில் அடிக்கப்பட்டிருக்க, அவற்றுள் ஒன்றை வைத்திருப்பவர் அந்த ஆண்டு முழுவதும் தமக்குக் கிடைத்துவிட்டதாக எண்ணிப் பெட்டியை மூடிவிடுகிறார். மேலும், காசுப் பை கனமானது, தொலைவுக்குச் சுமந்து செல்லத் தகுந்த மதிப்பும் அற்றது. ஓர் ஊரில் பிரிக்கப்பட்ட பை அந்த வட்டாரத்துச் சந்தைகளிலேயே சுற்றித் தேய்ந்தது. ஆகவே ஒரு வட்டாரத்தில் குப்பையாய்க் கிடந்த குறி, மற்றொரு வட்டாரத்தின் சேகரிப்பாளருக்கு வாழ்நாளில் எதிர்ப்படாததாயிற்று.

ஒரே அலுமினியப் பத்துப் பைசாவுக்குள் ஒளிந்திருந்த கருப்பொருள் நாணயங்களின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. கருப்பொருள் நாணயம் என்பது, ஓர் இயக்கத்தையோ விழாவையோ முன்னிட்டு வழக்கமான சில்லறையின் அளவிலேயே வேறு சித்திரத்தோடு வெளியிடப்படுவது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக நாடுகளின் காசுகளில் உணவைப் பற்றிய செய்தியைப் பொறிக்கத் தூண்டிய காலத்தில், இந்தியா 1974இல் திட்டமிட்ட குடும்பத்தையும், 1975இல் மகளிர் ஆண்டையொட்டிச் சமத்துவம், வளர்ச்சி, அமைதி ஆகியவற்றையும், 1979இல் குழந்தைகள் ஆண்டையும், 1981இல் உலக உணவு நாளையும், 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியையும் பத்துப் பைசாவில் பதித்தது. ஓர் அரசு தன் குடிமக்களோடு பேச நினைத்ததையெல்லாம் மிட்டாய் விலையுள்ள காசில் எழுதி அனுப்பிய இந்த முயற்சி கலைநோக்கில் மேலானது. ஏனெனில் வெள்ளியில் அடித்துப் பேழையில் விற்கப்படும் நினைவு நாணயத்தை வாங்குபவர் மட்டுமே காண்கிறார், இதுவோ வண்டிக்காரரிடமும் கீரைக்காரரிடமும் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தும் படிக்கப்படவில்லை என்பதே உண்மை.

இவை இன்று நல்ல நிலையில் கிடைக்காமைக்கு உலோகத்தின் மென்மையும் ஒரு காரணம். அலுமினியம் பிற காசுகளோடு உரசினாலே கீறல் விழும், ஈரத்தில் வெளுத்துப் பொரியும். எனவே புழக்கத்துக்கு வராமல் அச்சின் கூர்மை குன்றாதிருக்கும் ஒரு பைசா, அதைவிடப் பல மடங்கு பழைய செப்புக் காசைக் காட்டிலும் தேடுதற்கு அரியது. யாரும் அதைச் சேமிக்கவும் இல்லை. இதற்கு நேர்மாறாக, 1968இல் வந்த மஞ்சள் நிற இருபது பைசா கடைத்தெருவில் அவ்வளவாக எடுபடாதபோதும், அதில் மலர்ந்திருந்த தாமரையின் பொருட்டுத் திருமகள் பூசைக்கென்று பல வீடுகளில் எடுத்துவைக்கப்பட்டது. இன்றும் அது பளபளப்போடு கிடைக்கிறது. காசைக் காப்பாற்றியது எண்ணிக்கையன்று, யாரோ ஒருவர் அதை ஒதுக்கிவைத்த செயலே. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவை ஆனபோது, அவற்றை வங்கியில் கொடுத்தவரும் கொடுக்காமல் எறிந்தவரும் முகப்பைத் திருப்பிப் பார்த்திருக்க வழியில்லை.

இந்த மறைவு பழங்கதை அன்று. ஐம்பது பைசாவில் இப்போது அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 1988இல் தொடங்கிய, இந்திய நிலப்படம் பொறித்த எஃகு ஐம்பது பைசாவை அனைவரும் அறிவர். ஆனால் 2008 அளவில் நாட்டியக் கைமுத்திரைகளைக் கொண்டு வெளிவந்த வரிசையில் மூடிய கைமுட்டியைத் தாங்கிய ஐம்பது பைசாவையோ, 2011இல் அளவு சுருங்கி வந்த அதற்குப் பிந்தியதையோ கையில் வாங்கியவர் எத்தனை பேர்? கடைக்காரர்கள் மறுத்துவிட்டதால் பைகளிலேயே தங்கிவிட்ட அந்தக் காசுகள், மிகையாய் அடிக்கப்பட்டும் புழங்காமலே பழம்பொருள் ஆகின்றன. சட்டப்படி ஐம்பது பைசா இன்றும் செல்லுபடியாகும் நாணயம். அதன் ஆண்டெண்ணுக்குக் கீழுள்ள குறியைக் கவனித்துச் சேர்க்க விரும்புவோர், விலைப்பட்டியல் அதை அரிதென்று அறிவிக்கும்வரை காத்திராமல் இப்போதே தொடங்குவது நன்று.