கெர்னல் மூலநிரலை இரவல் வாங்குதல்: லினக்ஸ் அனுபவம்

இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல் எனப்படுகிறது. தமிழில் கருனி என்றும் வழங்குவர். நினைவகம், பிராசசர், வன்தட்டு ஆகியவற்றை நேரடியாகக் கையாளும் உரிமை அதற்கே உண்டு. பயனர் மென்பொருள்கள் அமைப்பு அழைப்புகள் வழியாகவே அதனிடம் வேலை வாங்க முடியும். இயங்கும்போது கறாராக இருக்கும் இந்த எல்லை, மூலநிரல் அளவில் லினக்ஸில் நெடுங்காலம் தளர்ந்தே கிடந்தது.

இரவல் வாங்கும் ஆசைக்குக் காரணம் உண்டு. லினக்ஸின் 'லிஸ்ட்' தலைப்புக் கோப்பில் இரட்டை இணைப்புப் பட்டியல் சுருக்கமாகவும் நன்கு சோதிக்கப்பட்ட வடிவிலும் கிடைக்கிறது. அதை அப்படியே தம் மென்பொருளில் ஒட்டிக்கொண்டவர்கள் பலர். வெறும் தரவுக் கட்டமைப்பு என்பதால் பெரிய கேடில்லை. உரிமத்தை மட்டும் கவனிக்க வேண்டும். கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் வெளியாகிறது. வழக்கமான அமைப்பு அழைப்புகள் வழியே கெர்னலைப் பயன்படுத்தும் மென்பொருளை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே விளக்கப்பட்டுள்ளது. உள் நிரல்வரிகளை நகலெடுப்போருக்கு அந்தச் சலுகை இல்லை.

உண்மையான கேடு 'அட்டாமிக்' தலைப்புக் கோப்பில் இருந்தது. ஓர் எண்ணை இடையூறின்றிக் கூட்டவும் குறைக்கவும் உதவும் சிறு செயற்கூறுகள் அதில் இருந்தன. பல பிராசசர்கள் உள்ள எக்ஸ்86 கணினியில் இதற்கு 'லாக்' என்னும் முன்னொட்டு கட்டளையோடு சேர வேண்டும். ஒரே பிராசசர் என்றால் அது வீண் செலவு. எனவே, கெர்னலைக் கட்டமைக்கும்போது பல பிராசசர் ஆதரவு தேர்வாகியிருந்தால் மட்டுமே முன்னொட்டு சேரும்படி அக்கோப்பு எழுதப்பட்டிருந்தது. பயனர் மென்பொருளைத் தொகுக்கும்போது அந்தக் கெர்னல் அமைவு பொதுவாகத் தெரிவதில்லை. முன்னொட்டு சத்தமில்லாமல் மறைந்துவிடும். தொகுப்பியும் பிழை காட்டாது, ஒரு பிராசசர் கணினியில் எல்லாம் சரியாகவே நடக்கும். பல பிராசசர் கணினியில் இரண்டு இழைகள் ஒரே நொடியில் எண்ணைக் கூட்டினால் ஒரு கூட்டல் காணாமற்போகும், அதுவும் எப்போதாவது. இத்தகைய பிழையைத் தேடியவர்களுக்கே அதன் கொடுமை தெரியும்.

பழியை இரவல் வாங்கியவர் மேல் மட்டும் போடுவது நியாயமன்று. 1990களில் பொதுத் தலைப்புக் கோப்புறையைக் கெர்னல் மூலநிரலுக்கே குறுவிணைப்பாக வைக்கும் வழக்கம் இருந்தது. வெளியாருக்கானதும் வீட்டாருக்கானதும் ஒரே கோப்பில் கலந்திருந்தன. இடையில் ஒரு நிபந்தனை வரிதான் வேலி. திறந்த வாசல் அழைப்பாகத்தானே தோன்றும்? 2006இல் வந்த 2.6.18 பதிப்பு, வெளியாருக்கானவற்றை மட்டும் பிரித்து நிறுவும் வசதியைத் தந்தது. யூஏபிஐ என்னும் தனிக் கோப்புறை 2012இல் 3.7 பதிப்பில்தான் அமைந்தது. இவ்வளவு எளிய பிரிவினைக்கு இத்தனை காலம் எடுத்தது லினக்ஸ் திட்டத்தின் குறையே.

கெர்னலோடு சேர்ந்தே வளரும் 'பெர்ஃப்' என்னும் செயல்திறன் அளவீட்டுக் கருவியும் இதற்குத் தப்பவில்லை. அது முன்பு கெர்னலின் தலைப்புக் கோப்புகளை நேரடியாகப் பயன்படுத்தியது. கெர்னலில் முறையாகச் செய்த மாற்றங்கள்கூட அதை அவ்வப்போது உடைத்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கண்டித்த பின், கோப்புகளின் நகல்களைக் கருவிகளுக்கான கோப்புறையில் வைத்துக்கொள்ளும் முறை வந்தது. மூலம் மாறினால் தொகுக்கும்போது எச்சரிக்கை மட்டும் தோன்றும். கருவியைப் பராமரிப்பவர் மாற்றத்தைப் படித்துப் பார்த்து நகலைப் புதுப்பிப்பார். நகலெடுப்பது அழகற்ற வழிதான். ஆனால் எப்போது மாறுவது என்ற முடிவு வாங்குபவர் கைக்கு வருகிறது. நேரடிப் பகிர்வில் அது இல்லை.

'லிப்யூஆர்சியூ' நூலகம் இன்னும் துணிவான வழியைக் காட்டுகிறது. கெர்னலின் ஆர்சியூ என்னும் ஒத்திசைவு முறையைப் பயனர் மென்பொருளுக்குத் தருவது இது. ஒவ்வொரு பிராசசரும் எப்போது ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்பதைக் கெர்னல் தானே அறியும். பயனர் மென்பொருளுக்கு அந்த அறிவு கிடையாது. ஆகவே நூலகம் கெர்னல் வரிகளைக் கொண்டுவராமல், செயற்கூறுகளின் பெயர்களையும் பயன்பாட்டு முறையையும் பெரும்பாலும் ஒத்ததாக வைத்துக்கொண்டு உள்ளே வேறு வழிகளைக் கையாள்கிறது. அவற்றுள் ஒன்றில், பழைய தரவைத் தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதை ஒவ்வொரு இழையும் அவ்வப்போது தானே அறிவிக்க வேண்டும். மற்றவற்றில் அந்தச் சுமை இல்லை. பதிலாகப் படிக்கும் வேகம் சற்றுக் குறையும்.