நாட்டுப்புற மெட்டும் வித்தகர் கருவியும்: ‘வெனிஸ் நகரக் களியாட்டம்’ மாற்றுருக்கள் — ஒரு மதிப்பீடு

முன்னுரை

எளிய நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனைக் கருவியில் பலவாறு மாற்றி மாற்றி வாசித்துத் தம் திறனை நிலைநாட்டுவது ஐரோப்பிய இசையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவழக்காக இருந்தது. இவ்வாறு அமையும் உருப்படியில் முதலில் மெட்டு அதன் இயல்பான வடிவில் ஒலிக்கும். பின்னர் அம்மெட்டின் மாற்றுருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு மாற்றுருவும் முன்னதைவிட அரிதான கைத்திறனை வேண்டி நிற்கும்.

இவ்வகை இசை குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. பாமர மெட்டினைக் கலைஞர் உயர்த்தினார் என்பது ஒன்று. மக்களின் மெட்டினை வித்தை காட்டுவதற்கான சாக்காகக் கொண்டு சிதைத்தார் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினும், மெட்டினை வெறும் மூலப்பொருளாகக் கருதுவதில் இரண்டும் உடன்படுகின்றன. அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை, ‘வெனிஸ் நகரக் களியாட்டம்’ என்னும் பெயரால் வழங்கும் மெட்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மெட்டின் இயல்பு

இத்தாலிய மக்களிடையே வழங்கிய ‘ஓ மம்மா, மம்மா காரா’ என்னும் பாடலின் மெட்டே இது. ‘அம்மா, அன்பு அம்மா’ என்று தாயை விளிப்பதாகப் பாடலின் பெயர் அமைந்துள்ளது. மெட்டு இரண்டு சிறு பகுதிகளால் ஆனது. அதற்குத் துணையாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளும் இரண்டே. ஒன்று ஆதார சட்சத்தின் மேல் எழுவது. மற்றொன்று பஞ்சமத்தின் மேல் எழுவது. இவ்விரண்டும் ஊஞ்சல்போல மாறி மாறி வருகின்றன. ஒருமுறை கேட்டவர் மறுமுறை உடன்பாடிவிடலாம்.

மெட்டுக்குப் பெயர் தந்த களியாட்டத்தின் வரலாறும் கருதத்தக்கது. வெனிஸ் குடியரசு 1797-இல் வீழ்ந்தபின், முகமூடியணிந்து மக்கள் கொண்டாடிய அந்நகரக் களியாட்டம் தன் பழஞ்சிறப்பை இழந்தது. அது முறையாக மீட்டெடுக்கப்பட்டது 1979-இல்தான். ஆகவே, இம்மெட்டு ஐரோப்பிய அரங்குகளில் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், அதன் பெயர் சுட்டிய விழா பெரும்பாலும் நினைவாகவே இருந்தது.

செவிவழிப் பரவல்

இம்மெட்டினை அரங்கிற்குரியதாக்கியவர் ஜெனோவா நகரத்து வயலின் கலைஞர் நிக்கோலோ பாகனினி (1782-1840). அவர் 1829-இல் அமைத்த உருப்படியில் மெட்டினைத் தொடர்ந்து இருபது மாற்றுருக்கள் உள்ளன. இரு தந்திகளை ஒருசேர இழைத்தல், இடக்கை விரலாலேயே தந்தியை மீட்டுதல், தந்தியை மெல்லத் தொட்டுச் சீழ்க்கை போன்ற மேலொலிகளை எழுப்புதல் முதலிய அவருடைய தனித்திறன்களுக்கு இம்மெட்டு களமாயிற்று.

பாகனினி தம் உருப்படிகளில் பெரும்பாலானவற்றை வாழ்நாளில் அச்சிடவில்லை. தம் உத்திகளைப் பிறர் அறியாவண்ணம் காத்துவந்தார். ‘வெனிஸ் நகரக் களியாட்டம்’ அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. ஆயினும் அது பரவாமல் இல்லை. ஹைன்ரிக் வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் என்னும் இளங்கலைஞர் பாகனினியின் நிகழ்ச்சிகளைத் தேடிச் சென்று, அவர் வாசித்தவற்றைச் செவிவழியாகவே கற்றார். பின்னர் இதே மெட்டுக்குத் தாமும் மாற்றுருக்கள் அமைத்து ஐரோப்பா எங்கும் வாசித்துப் புகழ்பெற்றார்.

நாட்டுப்புறப் பாடல் ஏட்டில் எழுதப்படாமல் வாய்மொழியாகப் பரவுவது, அவ்வாறு பரவும்போதே மாற்றம் பெறுவது என்பது வழக்காற்றியலார் கூறும் அடிப்படை இலக்கணம். வித்தகரின் உருப்படியும் ஏறத்தாழ அவ்வாறே பரவியதை எர்ன்ஸ்ட்டின் வரலாறு காட்டுகிறது. நாட்டுப்புறக் கலையையும் அரங்கக் கலையையும் பிரிக்கும் சுவர் எண்ணியவாறு உறுதியானதன்று.

வார்சாவில் பாகனினி 1829-இல் நிகழ்த்திய கச்சேரிகளின் எதிரொலியாக, அப்போது பத்தொன்பது வயதினரான ஷோப்பான் ‘பாகனினியின் நினைவு’ என்னும் சிறு பியானோ உருப்படியை இதே மெட்டில் அமைத்தார். இடக்கை தாலாட்டுப்போல ஒரே அசைவைத் தொடர, வலக்கை மெட்டினை மெல்லிய அணிகளால் அழகு செய்கிறது. திறன் காட்டும் வேட்கை இதில் இல்லை. தாயை விளிக்கும் பாடலின் மென்மைக்கு மிக அணுக்கமாக நிற்பது சொற்களற்ற இச்சிறு உருப்படியே எனலாம்.

கருவிகளின் உரைகல்

வயலினைத் தொடர்ந்து ஏனைய கருவிக் கலைஞரும் இம்மெட்டினை எடுத்துக்கொண்டனர். புல்லாங்குழலுக்குப் பிரிச்சால்டியும் ழெனானும், டபுள் பாஸுக்குப் போட்டேசினியும், கிதாருக்கு டாரெகாவும் மாற்றுருக்கள் அமைத்தனர். டபுள் பாஸ் பிற கருவிகளுக்கு அடியில் நின்று துணைசெய்யும் பேருருவக் கருவி. அது வயலினைப்போல விரைந்து பாட இயலும் என்று காட்டப் போட்டேசினிக்கு அனைவரும் அறிந்த மெட்டு தேவைப்பட்டது. அறியாத மெட்டாயின், புதுமை மெட்டில் உள்ளதா, கருவியில் உள்ளதா என்று கேட்போர் மயங்குவர்.

கார்னெட் என்னும் பித்தளைக் குழலின் நிலை இதனை மேலும் தெளிவாக்கும். பழைய பித்தளைக் குழல்களில் இயற்கையாக எழும் சில சுரங்களை மட்டுமே ஊத முடிந்தது. காற்றுப் பாதையை நீட்டவும் குறுக்கவும் வல்ல அடைப்பான்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பின்னரே எல்லாச் சுரங்களும் கைகூடின. புதிதாகப் பேசத் தொடங்கிய இக்கருவியின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர் பிரெஞ்சுக் கலைஞர் ழான் பாப்டிஸ்ட் அர்பான் (1825-1889). அவர் 1864-இல் வெளியிட்ட பயிற்சி நூல் இன்றளவும் பயிலப்படுகிறது. அந்நூலின் இறுதியில் உள்ள பன்னிரண்டு கச்சேரி உருப்படிகளில் ஒன்றாக ‘வெனிஸ் நகரக் களியாட்டம்’ இடம்பெற்றுள்ளது.

அர்பான் அமைத்தவை நான்கே மாற்றுருக்கள். நாகசுரக் கலைஞர் துத்துகாரம் எனக் கூறும் நாவடித் திறன் இவற்றில் உச்சம் பெறுகிறது. இறுதி மாற்றுருவில் மெட்டின் சுரங்களும் அவற்றிற்குத் துணையாகும் சுரங்களும் வெவ்வேறு நிலைகளில் விரைந்து மாறி மாறி ஊதப்படுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு சுரமே எழுப்பவல்ல குழலில் இருவர் வாசிப்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் மெட்டு துண்டுதுண்டாகவே ஒலிக்கிறது. இடைவெளிகளை நிரப்பி முழுமெட்டாகக் கேட்பது கேட்போரின் நினைவு. மெட்டினை முன்பே அறியாத செவிக்கு இவ்விந்தை பாதியே புலப்படும்.

குறைத்தலும் கூட்டலும்

இதே மெட்டு செருமானிய நாட்டில் மூன்று மூலைத் தொப்பி ஒன்றைப் பற்றிய சிறுவர் பாடலாக வழங்குகிறது. அது விளையாட்டுப் பாடலும் ஆகும். பாடலை ஒருமுறை முழுவதும் பாடுவர். மறுமுறை ஒரு சொல்லை வாய்விட்டுக் கூறாமல் கையால் சைகை செய்வர். சுற்றுக்கு ஒரு சொல்லாகச் சொற்கள் மறைந்துகொண்டே வரும். இறுதிச் சுற்றில் முதன்மைச் சொற்களின் இடத்தில் தாளம் தவறாத மௌனமும் சைகையுமே எஞ்சும். தவறிப் பேசிவிடும் சிறுவரால் நகைப்பு எழும்.

இதுவும் மாற்றுருவாக்கமே. வித்தகர் சுரங்களைக் கூட்டிக்கொண்டே செல்கிறார். சிறுவர் சொற்களைக் குறைத்துக்கொண்டே செல்கின்றனர். சொற்களிடையே மௌனம் நிறைந்தாலும் சுரங்களிடையே சுரங்கள் நிறைந்தாலும் மெட்டு தொடர்ந்து ஒலிப்பது உள்ளத்தில்தான். மக்கள் வித்தகருக்கு அளித்தது மூலப்பொருள் மட்டுமன்று. பொதுநினைவு என்னும் களத்தையே அளித்துள்ளனர். மாற்றுருவாக்கும் கலையையும் மக்கள் தாமே அறிந்திருந்தனர்.

மதிப்பீடு

வித்தகர் இசை வெற்றுப் பகட்டு என்னும் குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. லைப்சிக்கில் 1834-இல் இசையிதழ் தொடங்கிய ஷூமன், அரங்குகளை நிறைத்திருந்த ஆழமற்ற திறன்காட்டலைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் பாகனினியின் வயலின் உருப்படிகளைப் பியானோவுக்கு ஏற்ப ஆக்கியவரும் அவரே. திறனை முற்றிலும் ஒதுக்குவது அவர் நோக்கமன்று என்பது இதனால் புலனாகும்.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பாகனினியின் இருபது மாற்றுருக்களும் தனித்தனியே வியப்பூட்டுவன. எனினும் அவற்றிடையே வளர்ச்சி குறைவு. சிலவற்றின் வரிசையை மாற்றினாலும் உருப்படி பெரிதும் கெடாது. அர்பானின் நான்கு மாற்றுருக்களில் அத்தகைய மாற்றத்திற்கு இடமில்லை. இறுதி விந்தையை நோக்கியே முன்னவை செவியைப் பழக்குகின்றன. மாற்றுருவின் தரத்தை எண்ணிக்கையாலும் அருமையாலும் அளப்பதினும், மெட்டு கேட்போருள் தொடர்ந்து ஒலிக்க அது இடந்தருகிறதா என்பதால் அளப்பதே பொருந்தும். இவ்வளவுகோலின்படி ஷோப்பானும் அர்பானும் வெவ்வேறு வழிகளில் முதலிடம் பெறுவர்.

இழப்பும் உண்டு. எவரும் பாடக்கூடிய மெட்டு, மிகச் சிலரே வாசிக்கக்கூடிய உருப்படியாயிற்று. தாயை விளித்த சொற்கள் அரங்கில் உதிர்ந்தன. விண்டன் மார்சாலிஸ் 1987-இல் வெளியிட்ட ‘கார்னவால்’ இசைத்தட்டு போன்றவற்றின் வாயிலாக அர்பானின் உருப்படியைக் கேட்கும் இன்றைய சுவைஞருள் பலர் பாடலை அறியார், மாற்றுருக்களையே அறிவர். முன்பு நினைவைச் சார்ந்து வித்தை நின்றது. இன்று வித்தையைச் சார்ந்து நினைவு நிற்கிறது.

முடிவுரை

நாட்டுப்புற மெட்டினை வித்தகர் உயர்த்தினார் என்பதோ சிதைத்தார் என்பதோ முழுமையான தீர்ப்பாகாது. கலைஞர் பெற்ற கைதட்டலில் மெட்டினை நினைவில் சுமந்த மக்களுக்கும் பங்கு உண்டு. அந்நினைவு மங்கும் இடங்களில் மாற்றுருக்கள் விரல்வேகத்தின் அளவையாகச் சுருங்கிவிடும். ஆதலின், இத்தகைய உருப்படிகளைத் தொகுப்போரும் கற்பிப்போரும் மாற்றுருக்களுக்கு முன்னதாக மூலப்பாடலையும் அதன் சொற்களையும் பாடவைப்பது, வரலாற்றுக்குச் செய்யும் கடமையாவதுடன் அவ்வித்தையை முழுமையாகச் சுவைப்பதற்கும் வழியாகும்.